கெடாவிலிருந்து சீனாவைப் படிப்பது

1955 டிசம்பர் 28, 29. தாய்லாந்து எல்லைக்கு அருகே, கெடாவின் பாலிங் பட்டணத்தில் ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடம். மேசைக்கு ஒருபுறம் மலாயாவின் முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மான், சிங்கப்பூரின் முதலமைச்சர் டேவிட் மார்ஷல், மலாயாச் சீனர் சங்கத் தலைவர் டான் செங் லோக். எதிர்ப்புறம் காட்டிலிருந்து வந்திருந்த மலாயா கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங். கட்சியை அங்கீகரிக்கச் சொன்னார் அவர். ஆயுதத்தை வைத்துவிட்டு விசாரணைக்கு உட்பட வேண்டும் என்றார் துங்கு. பேச்சு முறிந்தது. சீன வம்சாவளியினரின் விசுவாசம் எந்த நாட்டுக்கு என்ற சந்தேகம் அந்த நாட்களில் மலாயா முழுவதும் பரவியிருந்தது.

சீனாவைப் பற்றிய இந்நாட்டு ஆய்வும் அந்தச் சந்தேகத்தின் நடுவே வளர்ந்ததுதான். காலனி அதிகாரியாக இருந்த விக்டர் பர்செல் 1948இல் மலாயாச் சீனர்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். ஆட்சி செய்பவரின் பார்வை அது. அதை மாற்றியவர் ஈப்போவில் வளர்ந்த வரலாற்றாசிரியர் வாங் கங்வூ. மலாயாச் சீனர்களின் அரசியலை மூன்று பிரிவாக அவர் 1970இல் பகுத்துக் காட்டினார்: சீனாவின் அரசியலோடு ஒட்டியிருந்தவர்கள், சங்கத்தையும் வியாபாரத்தையும் பார்த்துக்கொண்ட பெரும்பான்மையினர், மலாயாவையே தம் நாடாக வரித்துக்கொண்டவர்கள். ஒரு சமூகத்தை ஒரே ஆளாகப் பார்க்கக் கூடாது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன கட்டுரைகள் குறைவு. தமிழர்களைப் பற்றி எழுதுபவர்களும் படிக்க வேண்டியது. வெளிநாட்டுச் சீனர்கள் குடியிருக்கும் நாட்டின் குடியுரிமையைப் பெறுவதையே பெய்ஜிங் ஐம்பதுகளின் நடுவிலிருந்து ஊக்குவித்தது என்பதை ஸ்டீபன் பிட்ஸ்ஜெரால்டின் 1972 நூல் விளக்கியது.

அரசுக் கொள்கை இந்தப் புரிதலுக்கு வந்து சேரச் சிறிது காலம் பிடித்தது. அலோர் ஸ்டாரில் பிறந்த துங்கு, மக்கள் சீனத்தை அங்கீகரிக்கவில்லை. 1959இல் திபெத் குறித்த தீர்மானத்தை ஐ.நா.வில் அயர்லாந்துடன் சேர்ந்து மலாயா கொண்டுவந்தது. 1962 இந்திய-சீனப் போரின்போது இந்தியாவுக்காக நிதியும் திரட்டினார் துங்கு. அவருக்குப் பின் பிரதமரான துன் ரசாக் பெய்ஜிங் சென்று சீனப் பிரதமர் சூ என்லாயுடன் கையெழுத்திட்டது 1974 மே 31இல். ஆசியான் நாடுகளில் முதலில் உறவு கொண்டது மலேசியாதான். இரட்டைக் குடியுரிமை கிடையாது என்று அந்தக் கூட்டறிக்கை சொன்னது. பாலிங்கில் தொங்கிய கேள்விக்கு எழுத்தில் கிடைத்த விடை அது.

மகாதீரும் அலோர் ஸ்டார்க்காரர். பிரதமராக 1985இல் பெய்ஜிங் போனார். அவர் ஆட்சியில்தான் 1989 டிசம்பர் 2இல் ஹாட்யாயில் கம்யூனிஸ்ட் கட்சியோடு சமாதானம் கையெழுத்தானது. அதே மகாதீர் 2018இல் பெய்ஜிங்கிலேயே நின்று புதிய வகைக் காலனித்துவம் பற்றி எச்சரித்தார். சீன நிறுவனம் கட்டிவந்த கிழக்குக் கரை ரயில் திட்டத்தை நிறுத்தி, 6,550 கோடி ரிங்கிட்டாக இருந்த செலவை 4,400 கோடியாகக் குறைத்து, 2019இல் மீண்டும் தொடங்க ஒப்புக்கொண்டார்.

இது தடுமாற்றமா, கணக்கா? கணக்குதான் என்கிறது குயிக் செங் சுவீ 2008இல் எழுதிய கட்டுரை வகுத்த ‘ஹெட்ஜிங்’ கோட்பாடு. ரப்பர் விலை விழுந்தால் செம்பனை கைகொடுக்கும் என்று இரண்டையும் நடுகிற சிறுதோட்டக்காரரின் புத்தி என்று அதைப் புரிந்துகொள்ளலாம்: சீனாவோடு வணிகம், மற்றவர்களோடு பாதுகாப்பு உறவு, எவரிடமும் முழுதாக ஒப்படைக்காத எச்சரிக்கை.

அண்மைய ஆய்வுகள் பணத்தின் தடத்தைப் பின்தொடர்கின்றன. எட்மண்ட் டெரன்ஸ் கோமஸும் சக ஆய்வாளர்களும் 2020இல் வெளியிட்ட நூல், சீன முதலீட்டை அரசுக்கும் நிறுவனங்களுக்கும் இடையிலான உறவாக ஆராய்ந்தது. இதைக் கெடாவில் வைத்துப் பார்க்கக் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா போதும். சூரியத் தகடு செய்யும் ரைசன் எனர்ஜி, 15 ஆண்டுகளில் 4,220 கோடி ரிங்கிட் முதலீடு செய்யும் என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. 2023இல் ஈவ் எனர்ஜியின் பேட்டரி ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். மலேசியா உட்பட நான்கு நாடுகளின் சூரியத் தகடுகள்மீது அமெரிக்கா 2025இல் வரியை இறுதிசெய்தபோது, வாஷிங்டனும் பெய்ஜிங்கும் மோதும் கோடு கூலிம் வழியாகவும் ஓடியது.

இங்கேதான் தமிழ் வாசகருக்கு ஒரு குறை தென்படுகிறது. தோட்டத் துண்டாடலுக்குப் பின் பட்டணங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இந்த வட்டாரத்து ஆலைகளில்தான் ஷிப்ட் வேலை தேடுகிறார்கள். முதலீட்டு ஆய்வுகளோ அமைச்சகத்தையும் முதலாளியையும் விரிவாகப் பார்க்கின்றன. இயந்திரத்தின் முன் நிற்பவரிடம் அரிதாகவே வருகின்றன. முன்னோடி இல்லாமல் இல்லை. 1947இல் கெடாவின் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடையை எதிர்த்து எழுந்ததை, அன்றைய தொழிற்சங்க அரசியலோடு சேர்த்து எழுதினார் மைக்கேல் ஸ்டென்சன். சீனத் தொழிலாளரும் தமிழ்த் தொழிலாளரும் ஒரே தொழிற்சங்கக் கூட்டமைப்பில் இருந்த காலம் அது. அதன் தலைவர் எஸ். ஏ. கணபதியை 1949 மே மாதம் தூக்கிலிட்டார்கள்.

ஸ்டென்சனின் அந்த ஆய்வைக் கூலிமில் தொடர ஆட்கள் வேண்டும். சிந்தோக்கில் வட மலேசியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பீடோங் அருகே, பூஜாங் பள்ளத்தாக்கிலிருந்து அதிகத் தொலைவில்லாமல் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. சீனத் துறவி யிஜிங் ஏழாம் நூற்றாண்டில் கப்பல் மாறிச் சென்று, தன் பயணக் குறிப்பில் பதித்த கடாரமும் இந்த வட்டாரம்தான். சீன மொழி படித்த தமிழ் மாணவர் ஒருவர், ஆலை வாசலில் ஷிப்ட் முடிந்து வருபவர்களோடு தமிழிலும் மலாயிலும் பேசி, மேலாளரின் சீன அறிக்கையையும் தானே வாசித்து எழுதும் ஆய்வேடு இத்துறைக்கு இப்போது தேவை.