யார் போய் அளந்தாங்க?

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து புத்தகம் படிப்பது என் வழக்கம். வகுப்பு என்று சொல்ல முடியாது. பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள், ஆளுக்கொரு புத்தகம் எடுப்பார்கள், பிடித்த பக்கத்தைச் சத்தமாக வாசிப்பார்கள். இரண்டு மாதம் முன்பு, நான்காம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் விண்வெளி அதிசயங்கள் பற்றிய வண்ணப் புத்தகத்தை எடுத்து, நிலா நம்மிடமிருந்து சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று வாசித்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "இதை யாரு போய் அளந்தாங்க சார்?" என்றாள்.

"விஞ்ஞானிங்க அளந்தாங்கம்மா."

"எப்படி அளந்தாங்க?"

"அதுக்கெல்லாம் கருவி இருக்கு."

"ஓ" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள்.

அந்த "ஓ" என்னை விடவில்லை. நல்ல கேள்வி ஒன்றைக் கேட்டவளுக்கு நான் பதில் சொல்லவே இல்லை, வாயை அடைத்துத்தான் அனுப்பினேன். சரி, புத்தகத்திலாவது இருக்கிறதா என்று அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலும் இல்லை. எண் இருந்தது, ஆச்சரியக்குறி இருந்தது, அவ்வளவுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட துணுக்குகளை நானும் எழுதியிருக்கிறேன். ஒரு சிறுவர் இதழுக்கு 'தெரியுமா உங்களுக்கு?' பாணியில் சில வருடம் எழுதிக் கொடுத்தேன். அதனால் இது வெளியே நின்று கல்லெறிகிற விமர்சனம் இல்லை.

அதற்குப் பிறகு, நூலகத்தில் இருந்தவை, புத்தகக் கண்காட்சியில் நான் வாங்கியவை என்று பிள்ளைகளுக்கான விண்வெளிப் புத்தகங்கள் ஒன்பதை வரிசையாக உட்கார்ந்து படித்தேன். எல்லாமே தமிழ். தாள் நன்றாக இருக்கிறது, படங்கள் பளபளக்கின்றன, நாம் சின்ன வயதில் படித்த புத்தகங்களோடு ஒப்பிட்டால் எழுத்துப் பிழையும் குறைவு. எண்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன. பிள்ளைகளுக்கு எண்கள் பிடிக்கும் என்பதும் உண்மை. வியாழனுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூமிகளை அடக்கலாம் என்று ஒரு பையன் வாசித்தபோது மற்றவர்கள் வாயைப் பிளந்ததை நானே பார்த்தேன். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் ஒன்பதில் எதிலுமே "இது எப்படித் தெரிந்தது?" என்ற கேள்வி இல்லை. என் குறை இது ஒன்றுதான். மற்ற குறைகள் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை என்று நினைக்கிறேன்.

முதலில் படங்களைப் பாருங்கள். பூமியும் நிலாவும் ஒரே பக்கத்தில், நடுவே இரண்டு விரல் இடைவெளியில் இருக்கின்றன. பூமியைக் கூடைப்பந்து என்று வைத்துக்கொண்டால் நிலா ஏறக்குறைய ஒரு டென்னிஸ் பந்து. அந்த டென்னிஸ் பந்தை எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும்? பிள்ளைகளிடம் கேட்டேன். ஒரு சாண் என்றார்கள், ஒரு கை நீளம் என்றார்கள். சரியான விடை 7 மீட்டருக்கும் சற்று அதிகம். நூலக அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை போக வேண்டியிருந்தது. பக்கத்தில் இடமில்லாததால் படத்தைச் சுருக்கித்தான் போட முடியும், அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். "இந்தப் படத்தில் தூரம் சரியான அளவில் இல்லை" என்று கீழே ஒரு வரி போடலாமே. ஒன்பதில் ஒன்றுகூடப் போடவில்லை.

சரி, அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு வருவோம். கையை நீட்டிக் கட்டைவிரலைத் தூக்கிப் பிடியுங்கள். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மறு கண்ணை. விரல் பின்னாலிருக்கும் சுவரில் இடம் மாறித் தாவும். விரலைக் கிட்டத்தில் கொண்டுவந்தால் தாவல் அதிகம், தள்ளிப் பிடித்தால் குறைவு. நிலாவையும் இப்படித்தான் அளந்தார்கள். இரண்டு கண்ணுக்குப் பதிலாகப் பூமியில் வெகு தொலைவில் உள்ள இரண்டு ஊர்கள், சுவருக்குப் பதிலாகப் பின்னாலிருக்கும் நட்சத்திரங்கள். 1751-ல் பிரெஞ்சு வானியலாளர் லகாய் தென் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் இருந்தார். அதே வருடம் லலாந்து என்ற இளைஞர் பெர்லினுக்கு அனுப்பப்பட்டார். அவருக்கு அப்போது இருபது வயது நிரம்பவில்லை. இரண்டு பேரும் அங்கங்கே இருந்து நிலாவின் இடத்தைக் குறித்தார்கள். அந்த வித்தியாசத்திலிருந்து தூரம் கிடைத்தது. யாரும் போகவில்லை, இங்கிருந்தபடியே அளந்தார்கள்.

போய் அளந்த கதையும் உண்டு. 1969-ல் அப்பல்லோ 11 வீரர்கள் நிலாவில் ஒரு பிரதிபலிப்பானை வைத்துவிட்டு வந்தார்கள். பூமியிலிருந்து லேசர் ஒளியை அடித்தால் சுமார் இரண்டரை விநாடியில் திரும்பி வருகிறது. ஒளியின் வேகம் தெரியும், நேரம் தெரியும், தூரம் வந்துவிடும். நிலா வருடத்துக்கு சுமார் 3.8 சென்டிமீட்டர் நம்மை விட்டு விலகிப் போகிறது என்பதையும் இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். இந்த 3.8 என்ற எண் நான் படித்த புத்தகம் ஒன்றில் தனி அதிசயமாக, வானவில் நிறப் பெட்டிக்குள் இருக்கிறது. அதை அளந்த லேசர் மட்டும் அங்கே இல்லை.

"எப்படி?" என்று கேட்காமல் எழுதினால் தவறும் தங்கிவிடுகிறது. ஒன்பதில் நான்கு புத்தகங்கள் விண்வெளியில் ஈர்ப்பு விசை இல்லாததால் வீரர்கள் மிதக்கிறார்கள் என்று சொல்கின்றன. அதே கூடைப்பந்தை எடுங்கள். பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. பந்தின் அளவில் அது ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை, மேல் தோலை உரசிக்கொண்டு போகிறது என்றே சொல்லலாம். அங்கே ஈர்ப்பு விசை தரையில் இருப்பதில் ஏறக்குறைய 89 சதவீதம் இருக்கிறது. அப்புறம் ஏன் மிதக்கிறார்கள்? நிலையமும் வீரர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள். பக்கவாட்டில் மணிக்கு சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் போவதால், விழ விழப் பூமியின் வளைவும் விலகிப் போகிறது, தரையைத் தொடுவதில்லை.

இதை நம்பச் சொல்ல வேண்டியதில்லை, காட்டலாம். பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் ஓட்டை போட்டுத் தண்ணீர் ஊற்றி, மூடியைத் திறந்து வையுங்கள், ஒழுகும். இப்போது உயரத்திலிருந்து பாட்டிலைக் கீழே விடுங்கள். விழுகிற நேரம் மட்டும் ஒழுகுவது நின்றுவிடும். அந்த அரை விநாடி, பாட்டிலுக்குள் இருக்கும் தண்ணீரும் விண்வெளி வீரர் மாதிரிதான். செலவு ஒரு பழைய பாட்டில்.

இப்படி எழுத முடியுமா என்று கேட்டால், நூறு வருடத்துக்கு முன்பே எழுதியிருக்கிறார்கள். ரஷ்யாவின் யாக்கோவ் பெரல்மான் 1913-ல் வெளியிட்ட புத்தகம், பிறகு 'பொழுதுபோக்கு பௌதிகம்' என்று தமிழிலும் வந்தது. பழைய புத்தகக் கடைகளில் அதைத் தேடி அலைந்தவர்கள் இதைப் படிப்பவர்களில் சிலராவது இருப்பீர்கள். அதில் ஜூல் வெர்னின் நிலாப் பயணக் கதையை எடுத்துக்கொண்டு ஒரு தவறைக் காட்டுகிறார். குண்டுக்குள் இருந்தபடி நிலாவுக்குப் போகிறவர்கள், செத்துப்போன நாயை வெளியே எறிகிறார்கள். அது விழாமல் கூடவே வருகிறது. அதைச் சரியாக எழுதிய வெர்ன், உள்ளே இருக்கும் மனிதர்களும் அதே காரணத்தால் மிதக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டார். வழியில் ஓர் இடத்தில் மட்டும் மிதக்கவிடுகிறார். பெரிய எழுத்தாளரும் தவறலாம், யோசித்தால் நாமே கண்டுபிடிக்கலாம் என்ற தைரியம் படிக்கிற பிள்ளைக்கு வருகிறது. நான் படித்த ஒன்பதில் அந்த தைரியத்தைக் கொடுப்பது ஒன்றுமில்லை.

தவறு, தோல்வி என்றாலே நம் புத்தகங்களுக்குக் கூச்சம். சந்திரயான்-3 2023 ஆகஸ்ட் 23-ல் இறங்கியதைப் பக்கம் பக்கமாகப் போடுகிறார்கள், போடட்டும், சந்தோஷம்தான். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2-ன் விக்ரம் லேண்டர் விழுந்து நொறுங்கியதோ அரை வரி, அல்லது அதுவும் இல்லை. ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்ல அதைவிட நல்ல கதை எனக்குத் தெரியவில்லை. நிலாவைச் சுற்றிவரும் தன் எல்.ஆர்.ஓ. விண்கலம் எடுத்த படத்தை நாசா பொதுவில் வெளியிட்டது. சென்னையிலிருந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன், அந்த இடத்தின் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேடினார். பழையதில் இல்லாத ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி, ஒரு பிக்சல், புதியதில் இருந்தது. நாசாவுக்கு எழுதினார். அவர்கள் சரிபார்த்து, அது விக்ரமின் சிதறலே என்று டிசம்பர் 2 அன்று அவர் பெயரைச் சொல்லி அறிவித்தார்கள்.

அவரிடம் ராக்கெட் இல்லை. வார இதழில் ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கிற எந்தப் பிள்ளைக்கும் அவர் செய்த வேலை புரியும்.

இதையெல்லாம் ஒரு பதிப்பாசிரியர் நண்பரிடம் சொன்னேன். "இருபத்து நாலு பக்கத்துல இவ்வளவு விளக்கம் எங்க வைக்கிறது? பெத்தவங்க எத்தனை விஷயம் இருக்குன்னு பார்த்துத்தான் வாங்குறாங்க" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நூறு அதிசயம் என்று அட்டையில் போட்டால்தான் விற்கும். ஆனால் நூறில் பத்துக்காவது "எப்படி" என்று இரண்டு வரி சேர்த்தால் விலை ஏறாது. கட்டைவிரல் கதைக்கு எத்தனை வரி வேண்டும்?

அடுத்த சனிக்கிழமை அந்தப் பெண்ணிடம், "போன தடவை நான் சரியா பதில் சொல்லலம்மா" என்று ஆரம்பித்துக் கட்டைவிரலைக் காட்டினேன். அவள் அறையைச் சுற்றி நடந்து நடந்து ஒற்றைக் கண்ணால் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்து, "அப்போ நட்சத்திரம் எவ்ளோ தூரம்னு எப்படிப் பார்ப்பாங்க? அதுக்குப் பின்னாடி சுவரே இல்லையே?" என்றாள். அதற்குப் பதில் உண்டு, ஆனால் வரைந்து காட்ட வேண்டும். அடுத்த வாரம் என்று சொல்லியிருக்கிறேன், இந்த முறை தப்பிக்க முடியாது.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு விண்வெளிப் புத்தகம் வாங்கப் போனால் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, அதில் உள்ள எண் ஒன்றைத் தொட்டு, "யார் போய் அளந்தாங்க?" என்று கேளுங்கள். அந்தப் பக்கத்திலோ அடுத்த பக்கத்திலோ பதில் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றாலும் வாங்கலாம், ஆனால் பதிலை நீங்கள் தயார் செய்து வைத்திருக்க வேண்டும்.