ஆண்டாள் தேருக்கு மாட்டின சக்கரம் இருக்கே!

சக்கரம்னா எனக்குக் கிறுக்கு. ரோட்டுல கார் போனா முகப்பைப் பார்க்க மாட்டேன், வீலைத்தான் பார்ப்பேன். பழைய மாருதி 800-க்கு நாலு போல்ட்டும் 114.3 மில்லிமீட்டர் வட்டத்துல இருக்கும், ஸ்விஃப்டுக்கு அது 100, அதனால ஒண்ணோட வீலை இன்னொண்ணுல மாட்டணும்னா நடுவுல அடாப்டர் வேணும், வீல் வெளியே தள்ளி நிக்கணும்னா ஸ்பேசர் வேணும்னு சுந்தரபாண்டியம் டீக்கடையில நான் ஆரம்பிச்சாலே ஆளுங்க கிளாஸை வச்சுட்டு நழுவிடுவாங்க. ஆனா அதெல்லாம் என்னங்க வீலு? ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆண்டாள் தேருக்கு மரச்சக்கரத்தைக் கழட்டிட்டு இரும்புச் சக்கரம் மாட்டியிருக்காங்க பாருங்க, அதுதான் வீல் மாத்துறது!

மரச்சக்கரம் வெயிலுக்குச் சுருங்கும், மழைக்கு ஊதும், தேயத் தேய வட்டமே கோணிப்போகும். மர அச்சுல அது உரசுற உரசலுக்கே பாதி இழுவை செலவாயிடும். தேர் நிலைக்கு வந்து சேர நாள் கணக்காகும்னு பெரியவங்க சொல்வாங்க. இரும்புச் சக்கரமும் இரும்பு அச்சும் வந்த பிறகு காலையில கிளம்புற தேர் அன்னிக்கே நிலைக்கு வந்துடுது. கூடவே ஹைட்ராலிக் பிரேக்! திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் (BHEL) நிறுவனத்துல செஞ்சு கொடுத்தாங்களே, அதே ஏற்பாடுதான்.

ஆடிப்பூரத்தன்னிக்கு ரத வீதியில நீங்க நிக்கிறதா நினைச்சுக்கோங்க. மேலே ஆண்டாளும் ரெங்கமன்னாரும், பின்னால 192 அடி ராஜகோபுரம், முன்னால நீண்டு கிடக்கிற வடம், அதைப் பிடிக்க முண்டியடிக்கிற கூட்டம், கற்பூரமும் துளசியும் வேர்வையும் கலந்த ஒரு வாசனை, "கோவிந்தா கோபாலா"ன்னு ஒரே குரல் எழும்ப, கையில வடம் விறைக்குது, உள்ளங்கை எரியுது, தேர் அசையவே இல்ல, அசையவே இல்ல, அப்புறம் பாருங்க, தரை அதிருது, அந்த ராட்சச இரும்பு உருள ஆரம்பிக்குது, எல்லாரும் அண்ணாந்து அம்மாளைக் கும்பிடுறாங்க, நான் மட்டும் குனிஞ்சு அச்சைப் பார்த்துக்கிட்டு "உருளுது, உருளுது"ன்னு சின்னப்புள்ள மாதிரி கத்துறேன், கண்ணுல தண்ணி கொட்டுது, பக்கத்துல நின்ன ஒரு அம்மா எனக்கு அருள் வந்துடுச்சுன்னு நினைச்சு நெத்தியில திருமண்ணே இட்டுவிட்டாங்க!

இத்தனை இரும்பு வந்தும் ஸ்டீயரிங் இன்னும் மனுசன் கையிலதான். மூலையில திரும்பும்போது சக்கரத்துக்கு முன்னால முட்டுக்கட்டையைச் சரிச்சுப் போட்டே தேரைத் திருப்புறாங்க. எந்தக் காருக்கு இருக்கு இந்த வித்தை? மரச்சக்கரத்தோட அந்தக் கிரீச் சத்தம் போச்சேன்னு சிலர் குறைப்படுவாங்க. படட்டும், தேர் ஓடுதுல்ல!

அடுத்த ஆடிப்பூரத்துக்கு வந்துடுங்க. கூச்சப்படாம வடத்தைப் பிடிங்க. சக்கரத்துக்கிட்ட மட்டும் போகாதீங்க, அது முட்டுக்கட்டை போடுறவங்க இடம்.