தேதி தப்பாக விழும் கேமரா

போன மாதம் முத்து நகர் கடற்கரையில் அக்கா மகள் என்னை ஒரு படம் எடுத்தாள். கையில் போன் இல்லை; சோப்பு டப்பா அளவில் ஒரு பழைய டிஜிட்டல் கேமரா. ஆன்லைனில் நாலாயிரத்துக்கு வாங்கினாளாம். ஃபிளாஷ் பளீரென்று அடித்தது. படத்தில் என் நெற்றி மட்டும் மின்னியது. பின்னாலிருந்த கடல் ஒரே கறுப்பு. “சூப்பர் மாமா, அப்படியே 2007 மாதிரி இருக்கு” என்றாள். மூலையில் ஆரஞ்சு எழுத்தில் தேதியும் 2007 என்றே விழுந்திருந்தது. செட்டிங்கில் போய் அவளே மாற்றி வைத்திருக்கிறாள். 2007-இல் அவளுக்கு வயது இரண்டு.

இப்படிப் பழைய டிஜிட்டல் கேமராவைத் தேடுகிற ‘டிஜிகேம்’ மோகம் ஊருக்கு ஊர் பரவியிருக்கிறது. ஜப்பான் கேமரா நிறுவனங்களின் சங்கக் கணக்குப்படி 2010-இல் உலகம் முழுக்க 12 கோடி டிஜிட்டல் கேமராக்கள் விற்பனைக்குப் போயின. 2023-இல் அது 80 லட்சத்துக்கும் கீழே விழுந்தது; மறு வருஷம் சற்றே ஏறியது. 2016-இல் வந்த இக்சஸ் 285 மாடலை 2025-இல் கேனான் மறுபடியும் கடைக்குக் கொண்டுவந்தது. செத்துப்போன சரக்கு என்று கம்பெனியே கைவிட்டதைப் பிள்ளைகள் தேடித் தேடி எடுத்திருக்கிறார்கள்.

ஏன் என்று கேட்டால் ‘சிசிடி கலர்’ என்கிறார்கள். சிசிடி 1969-இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த சென்சார். கண்டுபிடித்த போயிலுக்கும் ஸ்மித்துக்கும் 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குப் பெருமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நிறம் சென்சாரில் மட்டும் இல்லை. அதன் மேல் ஒட்டிய வடிகட்டி, உள்ளே ஓடும் மென்பொருள், மலிவான லென்ஸ், முகத்தில் நேரே அடிக்கும் ஃபிளாஷ் எல்லாம் சேர்ந்த சமையல் அது. மறுபடி வந்த அந்த இக்சஸில் இருப்பது சிசிடி இல்லை, சிமாஸ் என்கிற வேறு வகை சென்சார். அதையும் இதே மோகத்தில்தான் வாங்குகிறார்கள். சென்சார் பெயரைச் சொல்லி விலை ஏற்றும் வியாபாரிகளை நான் நம்பமாட்டேன்.

அதற்காக அந்தப் படங்களில் ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. ஒரு நாள் அதே கேமராவை முள்ளக்காடு உப்பளத்துக்கு எடுத்துப் போனோம். மத்தியானம், பாத்தியில் உப்பு வாருகிற நேரம். போனில் எடுத்தால் எல்லாம் சுகமாகத் தெரிகிறது. ஒரு தடவை தட்டினால் அது பல படங்களை எடுத்து ஒன்றாகக் கோத்து, உப்பு அம்பாரத்தின் ஒவ்வொரு பரலையும் காட்டி, வெயிலை மாலை வெயிலாக ஆற்றித் தருகிறது. பழைய கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அம்பாரம் வெறும் வெள்ளைப் பிழம்பாகப் பொங்கி ஓரமெல்லாம் கரைந்துபோனது. பத்து நிமிஷம் அந்தப் பாத்தியருகே நின்றவர்களுக்குத் தெரியும், உப்பளம் கண்ணுக்கு அப்படித்தான் இருக்கும். அந்தக் கூச்சத்திலேயே காலமெல்லாம் வேலை பார்த்துக் கண் கெட்டவர்கள் இங்கே உண்டு. போன் அழித்துவிடுகிற வெயிலை அந்த ஓட்டைக் கேமரா தக்கவைத்தது.

ஆனால் அதே படத்தில் உப்பு வாரிய அக்காவின் முகம் இல்லை. சேலை இருக்கிறது, தலைத்துண்டு இருக்கிறது, முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. ஃபிளாஷ் போட்டு எடுத்தால் வியர்வை மினுக்கும், சாம்பல் பூசிய மாதிரி ஒரு நிறம் வரும். இந்தக் கேமராக்கள் எங்கள் நிறத்தை ஒருநாளும் சரியாக எடுத்ததில்லை. கல்யாண ஆல்பத்தில் “என்ன இப்படிக் கருத்துட்டே” என்று கேட்டுச் சிரித்த சித்திகளும் மைனிகளும் கேமராவின் குற்றத்தைப் பொண்ணின் தலையில் கட்டினார்கள். இன்றைய போன்கள் இந்த ஒரு விஷயத்தில் எவ்வளவோ மேல். பழசைப் புகழ்கிறவர்கள் இதைப் பேசி நான் கேட்டதில்லை.

அந்தக் காலத்தின் நிஜமான நல்லது நிறத்தில் இல்லை, பற்றாக்குறையில் இருந்தது. எங்கள் ஊர்ப் பனிமய மாதா கோயில் திருவிழாவில் தங்கத் தேர் வருஷா வருஷம் வராது. 2000-க்குப் பிறகு 2007, அப்புறம் 2013, அப்புறம் 2023. 2007-இல் கப்பலில் வேலை பார்த்த மாமா சிங்கப்பூரிலிருந்து ஒரு ஒலிம்பஸ் கொண்டுவந்திருந்தார். கார்டு 256 எம்பி, நூறு படம் கொள்ளும். தேர் கிளம்புவதற்குள் கார்டு நிறைந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் நாங்கள் ஆறு பேர் குனிந்து, தீப்பெட்டி அளவுத் திரையைப் பார்த்து எதை அழிப்பது என்று சண்டை போட்டோம். அத்தை கண்ணை மூடிய படம் போனது. தம்பியின் நாக்கு நீட்டிய படத்தை அழிக்க ஆச்சி விடவில்லை. எடுத்த படம் ஒவ்வொன்றையும் வீடே சேர்ந்து ஒரு தடவையாவது பார்த்தது. இன்று என் போனில் பதினோராயிரம் படம் கிடக்கிறது. பாதியை நானே பார்த்ததில்லை. அக்கா மகள் கூட்டம் இந்தக் கேமராவில் தேடுவது இந்த நெருக்கடியைத்தான் என்றால் அவர்கள் பக்கம் நான் நிற்பேன். ஆனால் அவள் அதில் போட்டிருப்பது 32 ஜிபி கார்டு.

பேட்டரி மாற்றும்போதெல்லாம் அந்த ஒலிம்பஸுக்குத் தேதி மறந்துவிடும். தங்கத் தேர் படத்தில் ஜனவரி 1 என்று விழுந்திருந்தது. ஆகஸ்ட் 5-ஆம் தேதித் திருவிழாவுக்கு ஜனவரி தேதி! அன்று அது தெரியாமல் விழுந்த பொய். இன்று அது ஆசைப்பட்டுப் போடுகிற அலங்காரம்.

இனி உண்மையான குறை. பிரவுசிங் சென்டரில் கொடுத்து அந்த நூறு படத்தையும் சிடியில் ஏற்றினோம், கார்டைத் துடைத்துவிட்டு மறுபடி பயன்படுத்தினோம். 2023-இல் தேர் திரும்ப வந்தபோது ஆசையாகச் சிடியை எடுத்தால், உப்புக் காற்றில் வெள்ளிப் பூச்சு செதில் செதிலாக உரிந்து கிடந்தது. மிஞ்சியது மைனி ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு வைத்திருந்த 9 படம். அதே வருஷம் டிசம்பர் 17, 18-இல் மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் வீட்டில் முழங்கால் வரை தண்ணீர். ஒன்பதில் நாலு படம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது.

1961-இல் கடைசியாக நடந்த முத்துச் சலாபத்தில் முத்துக் குளிக்கக் கடலில் இறங்கியவர் எங்கள் தாத்தா. அவர் ஆயுளில் எடுத்துக்கொண்டது ஒரே படம், ஸ்டுடியோவில், நாற்காலியில் கை வைத்து. ஆணியில் உயரமாக மாட்டியிருந்ததால் வெள்ளத்திலும் தப்பியது, இன்றும் சுவரில் இருக்கிறது. அவருக்குப் பேரன் பேத்திகளான எங்களுக்கு 2003-லிருந்து 2010 வரை ஏறக்குறைய படமே இல்லை. தெருவில் விசாரித்தேன், பல வீட்டில் இதே கதை. இவ்வளவு படம் எடுத்து இவ்வளவு தொலைத்த தலைமுறை எங்களுக்கு முன்னால் இருந்திருக்காது. இந்தப் பழைய கேமராவைக் கொண்டாடுகிறவர்கள் தொலைத்ததையும் சேர்த்துத்தான் கொண்டாடுகிறார்கள்.

நாலாயிரம் கொடுத்து ஒன்று வாங்குவதற்கு முன் உங்கள் வீட்டு பீரோவின் அடித்தட்டைத் திறந்து பாருங்கள். பழைய கேமரா பை ஒன்று கிடக்கும், அதற்குள் ஒரு கார்டு. ஒலிம்பஸும் ஃபுஜியும் 2002-இல் இறக்கிய எக்ஸ்டி கார்டாக இருந்தால் இன்றைய லேப்டாப் எதுவும் அதை நேரடியாகப் படிக்காது. அதற்கான ரீடர் ஏதாவது ஒரு பழைய ஸ்டுடியோ மேஜை அறையில் இன்னும் கிடக்கலாம். இந்த வாரமே போய்க் கேளுங்கள்.