அள்ளுகிறவளுக்கு முகமில்லை

எலி ஜெயிக்கிறது, பூனை தோற்கிறது, ஆகவே 'டாம் அண்ட் ஜெர்ரி' ஒடுக்கப்பட்டவனின் கதை என்றொரு வாசிப்பு நம் தோழர்களிடமே உண்டு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அதே சட்டகத்துக்குள் இன்னொருத்தி நிற்கிறாளே, அவளை என்ன செய்வது?

பூனைக்கு முகம் உண்டு. எலிக்கு உண்டு. புல்டாக் நாய்க்கும் உண்டு. வீட்டைக் கூட்டிப் பெருக்கும் கறுப்புப் பெண்ணுக்குக் கால்கள்தான். தொளதொளத்த காலுறை, கையில் துடைப்பம், ஓர் அதட்டல். 1940இல் வந்த முதல் படத்திலிருந்து 1952 வரை ஹன்னாவும் பார்பெராவும் அவளை இப்படியே காட்டினார்கள். குரல் தந்தவர் லிலியன் ராண்டால்ஃப் என்ற கறுப்பு நடிகை. எலியின் உயரத்திலிருந்து பார்ப்பதால் தலை தெரியவில்லை என்று சமாதானம் சொல்லலாம். எலி அண்ணாந்து பார்க்காதா? தட்டை உடைப்பது இரண்டு பேர், அள்ளுவது அவள்.

இலவச டிவி வந்த பிறகு சுந்தரபாண்டியம் சேரியில் பிள்ளைகள் இந்தப் பழைய படங்களை சிடியில் போட்டுப் பார்த்தார்கள். வீட்டு வேலைக்குப் போய்வந்த ஒரு கிழவி கேட்டாள்: "ஏண்டா, அவ மூஞ்சிய மட்டும் காட்ட மாட்டேங்கான்? நாம கூட்டப்போற வீட்லயும் நம்ம மொகத்த எவன் பாத்தான்!" எந்தக் கோட்பாட்டு நூலும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

இன்னொன்று, வெடி. வெடித்ததும் டாமின் முகம் கருகும், உதடு தடிக்கும், கறுப்பனாகிவிடும். அதுதான் நகைச்சுவை. வெள்ளையர் முகத்தில் கரி பூசிக் கறுப்பரைக் கேலி செய்த மேடையின் மிச்சம் அது. நமக்குப் பக்கத்தில் சிவகாசி. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் முப்பது பேருக்கு மேல் கருகிச் செத்தார்கள். கருகிய முகத்தைப் பார்த்துச் சிரிக்க இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் படம் கற்றுத்தருகிறது.

கறுப்பு மக்களின் அமைப்புகள் எதிர்த்தன. 1960களில் தொலைக்காட்சிக்காகத் திருத்தினார்கள். எப்படி? அவளுக்கு முகம் கொடுத்தல்ல. அவளையே அழித்து வெள்ளைக்காரியை வரைந்து, வேறு குரலும் ஒட்டி. வசை போனது, ஆளும் போனாள்.

1950இல் வந்த 'சாட்டர்டே ஈவினிங் பஸ்' படத்தில் அவள் வேலை முடித்து, நகை பூட்டி, சீட்டாடக் கிளம்புகிறாள். கோபமாக வீட்டுக்கு ஓடிவரும்போது ஒரு நொடி முகம் தெரிந்து மறைகிறது. திருத்திய பிரதியில் அந்தச் சனிக்கிழமை ராத்திரியும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்குப் போய்விட்டது.