தொப்பி எப்படிப் பேசுகிறது?

மிருதங்கத்தின் இடது பக்கம், தொப்பியில், ரவை பூசிய தோலைத் தட்டிவிட்டு மணிக்கட்டால் அழுத்தினால் நாதம் வளைந்து மேலேறும். கும்கி என்பார்கள். ஒரு கணம்தான் இருக்கும். ஆனால் அந்தக் கணத்துக்குள் தட்டு, வீக்கம், வளைவு, அடக்கம் என்று நான்கு கட்டங்கள் உண்டு. ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர்களின் குணத்தைப் பார்க்க நான் முதலில் போடுவது இந்தக் கும்கி வரும் இடத்தைத்தான். ஒரே ஹெட்போன், ஒரே பதிவு, ஒரே சத்த அளவு. ஆம்ப்ளிஃபையரை மட்டும் மாற்றினால், ஒன்றில் தட்டும் வளைவும் பிசிறில்லாமல் கேட்டு நாதம் சட்டென்று அடங்கும். இன்னொன்றில் வீக்கம் கொஞ்சம் கூடுதலாக, கொஞ்சம் நேரம் அதிகமாக நிற்கும். இரண்டும் அழகு. அந்த அழகு எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனால் ஆம்ப்ளிஃபையருக்குள் மட்டும் அது கிடைக்காது. ஆம்ப்ளிஃபையரும் ஹெட்போனும் ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்பதில் இருக்கிறது.

நாங்கள் கேட்பது ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு வாடகை வீட்டில். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் அது. பகலில் கன்டெய்னர் லாரிகள், ஷிப்ட் முடிகிற நேரத்தில் வரிசையாகக் கம்பெனி பஸ்கள். சென்ஹைசர் ஹெச்டி 600 போன்ற திறந்த முதுகு ஹெட்போனுக்கு இது பொருத்தமான ஊரே இல்லை. கம்பி வலை வழியாக வெளிச்சத்தம் முழுவதும் காதுக்குள் வந்துவிடும். அதனால் பி ஷிப்ட் பஸ்கள் போய் ஓய்ந்த பிறகுதான் உட்காருவோம். சீலிங் ஃபேனையும் நிறுத்த வேண்டும். வியர்வை வழியும், பரவாயில்லை. தம்புராவின் அடிநாதத்தை ஃபேன் ஓசை தின்றுவிடும்போது கேட்பதில் அர்த்தமில்லை.

ஹெச்டி 600 வந்தது 1997இல். அதன் மின்தடை 300 ஓம் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். ஆனால் அந்த எண் எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றாக இருப்பதில்லை. 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மேடுபோல எழும்பி 500 ஓமைத் தாண்டும். மேடு அங்கே இருப்பது நம் சங்கீதத்துக்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! பாடகர் எம்.டி. ராமநாதன் (எம்.டி.ஆர்.) மந்தர ஸ்தாயியில் இறங்கி, அவசரமே இல்லாமல் ஒரு ஸ்வரத்தில் உட்காரும் இடமும் ஏறக்குறைய இதே பகுதிதான்.

இந்த ஹெட்போனை முதலில் ஓ2 ஆம்ப்ளிஃபையரில் போடுவோம். 2011இல் தன் பெயரைச் சொல்லாத ஒரு பொறியாளர் வடிவமைத்து, வரைபடம் முழுவதையும் இலவசமாக வெளியிட்ட கருவி. ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கிற மாதிரியான சின்ன ஐ.சி.க்கள், இரண்டு 9 வோல்ட் பேட்டரி, சோப்புப் பெட்டி அளவு. அதன் வெளியீட்டு மின்தடை அரை ஓம்தான். அதாவது ஹெட்போனின் தடை மேட்டில் ஏறினாலும் இறங்கினாலும் ஆம்ப்ளிஃபையர் தரும் வோல்டேஜ் அசைவதில்லை. எம்.டி.ஆர். குரல் அதில் நேராக வரும். மூச்சு எடுப்பது, உதடு பிரிவது, கார்வையின் முடிவில் குரல் லேசாகக் கரகரப்பது, எல்லாமே அதனதன் அளவில்.

அடுத்தது பாட்டில்ஹெட் கிராக். நாமே சால்டர் செய்து பூட்டிக்கொள்ளும் வால்வ் ஆம்ப்ளிஃபையர். 12ஏயு7 என்ற சின்ன வால்வ் ஒன்று, 6080 என்ற குண்டு வால்வ் ஒன்று. இந்த 6080 சங்கீதத்துக்காகப் பிறந்ததே அல்ல. பவர் சப்ளைகளில் வோல்டேஜைச் சீராக வைத்திருக்கச் செய்யப்பட்டது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நேராக ஹெட்போனுக்கு ஒலியைக் கொடுக்கும் இந்த அமைப்பின் வெளியீட்டு மின்தடை சுமார் 120 ஓம். கணக்கு இங்கேதான் சுவாரசியமாகிறது. 300 ஓம் இருக்கும் இடத்தில் ஆம்ப்ளிஃபையரின் வோல்டேஜில் எழுபது சதவீதத்துக்குச் சற்று மேல் ஹெட்போனுக்குப் போகிறது. 500 ஓம் மேட்டில் எண்பது சதவீதம் போகிறது. வித்தியாசம் 1 டெசிபெல். எம்.டி.ஆர். மந்தரத்துக்கு இறங்கும்போது அவர் நெஞ்சு கொஞ்சம் அகலமாகிறது. தொப்பியின் வீக்கம் கூடுகிறது. 6080 தகிக்கிற தகிப்பில் அறையும் சூடாகிறது. வால்வ் என்றாலே 'வெதுவெதுப்பான ஒலி' என்கிறார்கள் அல்லவா? ஹெச்டி 600 விஷயத்தில் அந்த வெதுவெதுப்பில் பெரும்பங்கு இந்த 120 ஓமுக்கு உரியது. ஓ2 வெளியீட்டில் 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகச் சேர்த்துக் கேளுங்கள், பாதிக்கு மேல் கிராக் பக்கம் வந்துவிடும்.

எங்களோடு கேட்க வரும் தம்பி ஒருவர் சின்ன வயதில் மிருதங்கம் படித்தவர். இப்போது கார் கம்பெனி ஒன்றில் பராமரிப்புப் பிரிவு. எந்த ஆம்ப்ளிஃபையர் ஓடுகிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டபோது அவர் சொன்னது: "அண்ணே, இதுல ரவை கொஞ்சம் அதிகமா அப்பின மாதிரி இருக்கு." கிராக் ஓடிக்கொண்டிருந்தது. ரவைப் பூச்சு கனமானால் தொப்பியின் சுருதி இறங்கி நாதம் கனக்கும். 1 டெசிபெல்லை இதைவிடத் துல்லியமாக யாரும் விவரித்து நான் கேட்டதில்லை.

மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலையில் கதை வேறு. சாதாரணத் தோல் மேளத்தின் மேலோசைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை. மிருதங்கத்தில் நடுவில் இருக்கும் கருப்புப் பூச்சான கரணை அவற்றை ஒழுங்குபடுத்தி, தந்தி வாத்தியத்தில்போல முழு மடங்குகளாக நிற்க வைக்கிறது. சி.வி. ராமன் 1920இல் 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி எழுதினார். தம்புராவின் குதிரையில் தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவா நூல் மேலோசைகளை எப்படி எழுப்புகிறது என்பதையும் அவர் ஆராய்ந்திருக்கிறார். 'நம்', 'தின்', சாப்பு என்ற சொற்களின் தெளிவும் தம்புராவின் ரீங்காரமும் இந்த மேலோசைகளில்தான் இருக்கின்றன. ஹெச்டி 600இன் மின்தடை மேலே போகப் போகப் பெரிதாக ஆட்டம் காட்டாது. ஆகவே ஓ2, கிராக் இரண்டிலும் சாப்பின் கணீர் ஏறத்தாழ ஒன்றே. வித்தியாசம் கேட்கிறது என்று நம்பிக் கேட்டால் கேட்கும்; சொல்லாமல் மாற்றினால் தம்பியும் தடுமாறுகிறார், நானும் தடுமாறுகிறேன். அடித்தளத்தில் வேறுபட்டு மேல்தளத்தில் ஒன்றாக இருக்கும் இந்த இரட்டைத்தன்மைதான் எனக்குப் பிடித்த விஷயம். இடந்தலையில் இரண்டு ருசி, வலந்தலையில் ஒரே ருசி.

இதையெல்லாம் பேசுவதற்கு முன் சத்தத்தைச் சமப்படுத்த வேண்டும். சற்றே உரக்க ஒலிப்பது எப்போதும் சிறந்ததாகத் தோன்றும். காதின் இயல்பு அது. காதால் சமப்படுத்தினால் போதாது. ஒரே டோனை ஓடவிட்டு, ஹெட்போன் ஜாக்கில் மல்டிமீட்டர் வைத்து வோல்டேஜைப் பார்க்க வேண்டும். 0.1 டெசிபெல் என்பது வோல்டேஜில் சுமார் 1.2 சதவீதம். அதற்குள் வந்துவிட்டால் பேச்சில் நேர்மை இருக்கும். இந்தப் பகுதியில் வசதி என்னவென்றால் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் ஒரு நல்ல மல்டிமீட்டர் இருக்கும், அதைச் சரியாகப் பிடிக்கத் தெரிந்த கையும் இருக்கும்.

அந்தக் கைகள் செய்த போன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது, 2014இல் நின்றது. எஃப்.எம். வைத்த நோக்கியா போன்களில் இயர்போனைச் செருகாமல் ரேடியோ பாடாது, ஏனென்றால் இயர்போன் ஒயர்தான் ஆன்டெனா. ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டு, கரகரப்பு போகும் கோணத்தைத் தேடித் தலையைச் சாய்த்தவர்கள் பஸ் நிறுத்தங்களில் நின்றது நினைவிருக்கிறது. இன்று சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன் செய்கிறது. ஐபோனில் 2016 முதல் இயர்போன் துளையே கிடையாது. ஒயர் ஹெட்போன் மாட்ட வேண்டுமென்றால் ஒரு டாங்கிள் வேண்டும்: ஒரு முனையில் டைப்-சி, மறு முனையில் 3.5 மில்லிமீட்டர் துளை, நடுவில் ஒரு சாண்கூட இல்லாத வெள்ளை ஒயர். டிஜிட்டலை ஒலி மின்னலையாக மாற்றும் சிப்பும் ஆம்ப்ளிஃபையரும் அந்தப் பின்னுக்குள்ளேயே இருக்கின்றன.

இந்தச் சின்னப் பொருளை நான் மனதாரப் பாராட்டுகிறேன். வெளியீட்டு மின்தடை ஓர் ஓம் அளவு, அதிகபட்சம் 1 வோல்ட். ஹெச்டி 600க்கு 1 வோல்ட் கொடுத்தால் சுமார் 3.3 மில்லிவாட், உச்சத்தில் ஏறத்தாழ 102 டெசிபெல். இரவில் கேட்பதற்கு அது தாராளம். சமப்படுத்திக் கேட்டால் எம்.டி.ஆர். ஓ2வில் எப்படி இருந்தாரோ அப்படியே டாங்கிளிலும் இருக்கிறார். பல ஆண்ட்ராய்டு போன்களில் மட்டும் இதன் சத்தம் பாதியில் நின்றுவிடும். அங்கே வேறு டாங்கிள் பார்க்க வேண்டும்.

டாங்கிள் திணறுவது பழைய கச்சேரிப் பதிவுகளில். மிருதங்க வித்வான் பாலக்காடு மணி அய்யர் மைக்கே வேண்டாம் என்று சொன்னவர். தாழ்ந்த ஒலியளவில் பதிவான ஒரு தனி ஆவர்த்தனத்தை 600 ஓம் பெயர்டைனமிக் டிடி 880இல் கேட்டுப் பாருங்கள். டாங்கிளின் சத்தம் முழுவதும் ஏறியும் மனம் இன்னும் கொஞ்சம் கேட்கும். பேட்டரிக்குப் பதில் வீட்டு மின்சாரத்தில் ஓடும் ஓ2 இந்த ஹெட்போனுக்கு 7 வோல்ட் வரை தரும். பாதி திருப்பியதுமே மணி அய்யரின் இடைவெளிகள் திறக்கின்றன. அவர் வாசிக்காமல் விடும் மாத்திரைகள் வாசிப்பதைவிட அழகு. அந்த இடங்களில் தம்புராவும் அரங்கத்தின் இருமலும் கேட்கும் அளவுக்கு ஆம்ப்ளிஃபையர் இடம் கொடுக்க வேண்டும். டிடி 880 கிராக்கிலும் நன்றாகப் பாடும். வால்வுக்கு அதிகத் தடை பிடிக்கும்.

ஹைஃபைமேன் சுந்தரா நேர் எதிர். மெல்லிய படலத்தின்மேல் மின்பாதை ஓட, காந்தங்களுக்கு நடுவே படலம் முழுவதும் ஒன்றாக அசையும் பிளானர் வகை. 37 ஓம், கிட்டத்தட்ட எல்லா அதிர்வெண்ணிலும் அதே 37. மேடு பள்ளம் இல்லாததால் ஆம்ப்ளிஃபையரின் தடை அதன் குணத்தை மாற்றாது. ஆனால் கிராக்கில் மாட்டினால் 120 ஓமுக்கும் 37 ஓமுக்கும் நடுவே பெரும்பகுதி ஆம்ப்ளிஃபையரிலேயே கரைந்துபோய், மிச்சம் வருவது மெலிந்து, சத்தம் கூட்டினால் நசுங்குகிறது. ஓ2வில் அதே சுந்தரா பூரிக்கிறது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) தொகுப்பில் வி.எஸ். நரசிம்மனின் வயலின் முன்னால் நிற்க, பின்னால் தந்திக்குழு அடுக்கடுக்காக எழும். ஒவ்வொரு அடுக்கிலும் வில் தந்தியைத் தொடும் அந்த முதல் உரசலைச் சுந்தரா தனித்தனியாகக் காட்டுகிறது. ஹெச்டி 600இல் அவை ஒன்றாகக் கலந்து ஒரே பட்டுத்துணியாக விரிகின்றன. தியாகராஜரையும் பாக்கையும் வணங்கும் இசைக்கு எனக்குச் சுந்தராதான். குரலுக்கு ஹெச்டி 600. இதில் என்னோடு சண்டை போடும் நண்பர்கள் இருக்கிறார்கள்.

காதுக்குள் போகும் இயர்போன்களில், சின்னச் சின்ன ஒலிப்பான்கள் பலவற்றை ஒன்றாக அடைத்த வகை மிக முரண்டு பிடிக்கும். அடியில் 40 ஓம், மேலே 8 ஓம் என்று இருந்தால், 10 ஓம் வெளியீட்டுத் தடை உள்ள லேப்டாப்பில் மேல்ஸ்வரங்கள் 5 டெசிபெல் இறங்கிவிடும். பாடகியின் 'ஸ', 'ஷ' எல்லாம் மழுங்கும், தம்புராவின் ஜீவன் போய்விடும். 1996இல் வந்த சர்வதேச தரம் ஒன்று ஹெட்போன் வெளியீட்டுக்கு 120 ஓமையே பரிந்துரைத்தது. அந்த நாளைய அதிகத் தடை ஹெட்போன்களுக்கு அது சரி, இவற்றுக்குக் கொஞ்சமும் ஒவ்வாது. இன்னொரு தொல்லை, உணர்திறன் அதிகமான இயர்போனைச் சக்திவாய்ந்த ஆம்ப்ளிஃபையரில் மாட்டினால் பாட்டு தொடங்கும் முன்பே 'ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல். கெயினைக் குறைக்க வேண்டும், அல்லது டாங்கிளுக்கே திரும்ப வேண்டும்.

இரைச்சல் என்றதும் பழைய ஜி.எஸ்.எம். போன்கள் ஞாபகம் வருகின்றன. அழைப்பு வருமுன் ஸ்பீக்கரில் 'டட்-டட்-டட்' என்று அடிக்கும். போன் நொடிக்கு 217 முறை துடிப்பாக அலை அனுப்புவதை ஆம்ப்ளிஃபையரின் ஒயர் பிடித்துக்கொள்வதுதான் அது. ஒரு கருவியின் மின்காந்த அலை இன்னொன்றைக் கெடுக்காமல் இருக்கிறதா என்று சோதிக்கும் கூடம் ஒரகடத்திலேயே இருக்கிறது: குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர். அங்கே வண்டிகளுக்குச் செய்வதை நாங்கள் வீட்டில் சின்ன அளவில் செய்கிறோம். எர்த் இல்லாத லேப்டாப் சார்ஜரைக் கழற்றுவது, போனை மேஜையின் மறுகோடியில் வைப்பது, ஒலி ஒயரையும் மின் ஒயரையும் ஒன்றுக்கொன்று குறுக்காகப் போடுவது. ஓ2 ஆம்ப்ளிஃபையரைப் பேட்டரியில் ஓட்டும்போது பின்னணி எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பதை இந்த ஒழுங்கெல்லாம் செய்த பிறகுதான் முழுமையாக ரசிக்க முடிகிறது.

தம்பி இப்போது தானே ஒரு கிராக் பூட்டிக்கொண்டிருக்கிறார். சேஸிஸில் 6080 சாக்கெட் உட்கார்ந்துவிட்டது, ஹீட்டர் ஒயரை முறுக்கிப் போட்டாகிவிட்டது. வெளியீட்டில் ஒரு ஸ்விட்ச் வைத்து ஓ2 பக்கம் ஒன்று, கிராக் பக்கம் ஒன்று என்று ஒரே ஹெட்போனுக்கு மாற்றி மாற்றிக் கேட்கும் வசதி செய்யப் போகிறாராம். முதலில் என்ன போடுவாய் என்று கேட்டேன். "மணி அய்யர்தான் அண்ணே. மிஸ்ர சாப்பு."