கோலுக்கு முந்தைய கால்கள்

1970 ஜூன் 21. மெக்சிகோ நகரின் அஸ்டெக்கா மைதானம். உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் 86ஆவது நிமிடம். பிரேசில் 3, இத்தாலி 1. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்தில், உச்சி வெயிலில் தொடங்கிய ஆட்டம். களத்தில் இருக்கும் எல்லோருக்கும் மூச்சு வாங்குகிறது. இனி விசில் ஊதினால் போதும் என்ற நிலை. அந்த நேரத்தில்தான் கால்பந்து ரசிகர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழும் கோல் ஒன்று பிறந்தது.

அதை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்குக் கணக்கில்லை. ஆரம்பத்தில் என் கண் நேராகக் கடைசி நான்கு நொடிக்கே ஓடும். பெலே வலப்பக்கம் பந்தை உருட்டுவார். எங்கிருந்தோ கார்லோஸ் ஆல்பர்டோ பாய்ந்து வந்து அடிப்பார். வலை அதிரும். அது அந்த இருவரின் கோல் என்றே நெடுநாள் நம்பியிருந்தேன். பிறகு ஒருமுறை, அரை நிமிடம் முன்னால் போய் நிறுத்தி, அங்கிருந்து மெதுவாகப் பார்க்க ஆரம்பித்தேன். அன்றிலிருந்து அது வேறு கோலாகிவிட்டது.

முதலில் கண்ணில் படுவது டொஸ்டாவ். அவர் முன்கள வீரர். எதிரணியின் கோலுக்கு அருகே நிற்க வேண்டியவர். முந்தைய ஆண்டு பந்து பட்டு விழித்திரை விலகி, அறுவை சிகிச்சை முடித்து, ஆடுவாரா மாட்டாரா என்ற சந்தேகத்தோடு மெக்சிகோ வந்தவர். இரண்டு கோல் முன்னிலையில், நான்கு நிமிடம் மிச்சமிருக்கும் வேளையில், அவர் தன் அணியின் பின்களம்வரை இத்தாலிய வீரரைத் துரத்தி வந்து பந்தைப் பறிக்கிறார். அவரை அங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை. வராமல் இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள். வந்தார். பந்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தார். அரை நிமிடம் கழித்துப் பெலேயின் காலுக்குப் பந்து வரும்போது, இதே டொஸ்டாவ் இத்தாலியின் கோலுக்கு முன்னால் நின்று தடுப்பாட்டக்காரர்களைத் தன் பக்கம் கட்டிவைத்திருப்பார். கோல் விழும் காட்சியில் இரண்டு முனைகளிலும் அவர் இருக்கிறார். இரண்டு முனைகளிலும் கேமரா அவரைத் தேடவில்லை.

அடுத்தது குளோடோவால்டோ. ஐந்தாம் எண் சட்டை, 20 வயது. அந்த அணியில் பெலே, ஜெர்சன், ரிவெலினோ, ஜைர்சின்யோ, டொஸ்டாவ் என ஐந்து பேர் தாக்கப் பிறந்தவர்கள். அவர்கள் முன்னே போகும்போதெல்லாம் பின்னால் திறந்து கிடக்கும் வெளியை மூடி நிற்பது இந்த இளைஞரின் வேலை. பந்தை வாங்கு, பக்கத்தில் கொடு, உன் இடத்துக்குத் திரும்பு. அவ்வளவுதான் அவரிடம் எதிர்பார்க்கப்பட்டது. இப்போது தன் பாதிக்களத்தில் பந்தோடு நிற்கும் அவரை இத்தாலியர் ஒருவர் நெருங்குகிறார். குளோடோவால்டோ உடலை ஒரு பக்கம் சாய்த்து மறுபக்கம் நழுவுகிறார். இரண்டாமவர் வருகிறார்; அவரும் காற்றைப் பிடிக்கிறார். மூன்றாமவர். நான்காமவர். நெரிசலான தேர்க்கூட்டத்தில் தலையில் குடத்தோடு, ஒரு சொட்டு சிந்தாமல் நடந்து வெளியே வருபவரைப் போல வந்து, இடது ஓரத்தில் நிற்கும் ரிவெலினோவிடம் பந்தைக் கொடுக்கிறார். அதோடு அவர் பங்கு முடிந்தது.

ரிவெலினோவின் இடது கால் இடிபோன்ற அடிக்குப் பேர்போனது. அந்தக் கால் இங்கே செய்தது, எல்லைக்கோட்டை ஒட்டி நூல் பிடித்ததுபோல் நேராக ஒரு பாஸ். அதை வாங்குபவர் ஜைர்சின்யோ. இங்கேதான் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஜைர்சின்யோ வலப்பக்கத்து ஆட்டக்காரர். இடது ஓரத்தில் அவருக்கு என்ன வேலை? இத்தாலியர்கள் ஆளுக்கு ஆள் காவல் போட்டு ஆடினார்கள். ஜைர்சின்யோவின் காவலர் ஃபாக்கெட்டி, அந்தக் காலத்தின் மிகச் சிறந்த இடது பின்கள வீரர்களில் ஒருவர். ஜைர்சின்யோ எங்கே போனாலும் நிழலாகப் போவார். அவர் இடது ஓரத்துக்கு வந்ததால் ஃபாக்கெட்டியும் வந்தார். அதனால் களத்தின் மறுகோடியில், ஃபாக்கெட்டி நிற்க வேண்டிய இடத்தில், ஆளே இல்லை. அந்த உலகக் கோப்பையில் ஆடிய ஒவ்வோர் ஆட்டத்திலும் கோல் போட்டவர் ஜைர்சின்யோ. இந்த ஒரு கோலில் அவருடைய பெரிய பங்கு, தான் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போனது.

உள்ளே வெட்டி வந்த ஜைர்சின்யோ பந்தைப் பெலேயிடம் தருகிறார். எதிரே கோல், சுற்றிலும் தடுப்பாட்டக்காரர்கள், அரங்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். இது பெலேயின் கடைசி உலகக் கோப்பை ஆட்டம். அடிக்கலாம், ஏமாற்றி நுழையலாம். உலகமே அதற்குத்தான் காத்திருக்கிறது. அவர் பந்தை நிறுத்துகிறார். ஒரு மூச்சு பொறுக்கிறார். பிறகு வலப்பக்கம், யாரும் இல்லாத வெற்றிடத்தை நோக்கி, குழந்தைக்குப் பந்து உருட்டுவதுபோல உருட்டிவிடுகிறார். அந்த ஒரு மூச்சுப் பொறுமைதான் இந்தக் கோலின் உயிர் என்பேன். சற்று முந்தியிருந்தால் பந்து கார்லோஸ் ஆல்பர்டோவைத் தாண்டிப் போயிருக்கும். சற்றுப் பிந்தியிருந்தால் அவர் நடை தளர்ந்திருக்கும். ஓடிவந்த வேகம் குறையாமலேயே அவர் அடித்தார். பந்து தரையோடு தரையாக மறுமூலையில் போய் விழுந்தது.

இப்போது பின்னோக்கிப் பாருங்கள். நட்சத்திரமான டொஸ்டாவ் பின்களத்தில் பந்து பறிக்கிறார். காவல் வேலைக்காரரான குளோடோவால்டோ நான்கு பேரை ஏமாற்றுகிறார். கோல் போடுவதையே வழக்கமாகக் கொண்டவர் காவலரை இழுத்துக்கொண்டு ஒதுங்கிப் போகிறார். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர், பள்ளிச் சிறுவனும் கொடுக்கக்கூடிய மிக எளிய பாஸைக் கொடுக்கிறார். பின்கள வீரரான கார்லோஸ் ஆல்பர்டோ கோல் போடுகிறார். அரை நிமிடத்தில் ஐந்து பேர் வேடம் மாற்றிக்கொண்டார்கள். நட்சத்திரம் என்பதும் துணை என்பதும் ஆட்களுக்கு நாம் ஒட்டிவைக்கும் பெயர்கள். களத்தில் அவை நொடிக்கு நொடி கைமாறுகின்றன.

ஆனால் ரசிகர்களாகிய நாம் அளக்கும்போது அப்படி அளப்பதில்லை. நம் கையில் இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன. நட்சத்திரத்தை அவருடைய மிகச் சிறந்த நொடியைக் கொண்டு அளக்கிறோம். துணை ஆட்டக்காரரை அவருடைய மிக மோசமான நொடியைக் கொண்டு அளக்கிறோம்.

அதே 1970 உலகக் கோப்பையே சாட்சி. பெலேயைப் பற்றிப் பேசும்போது ரசிகர்கள் ஆசையோடு எடுத்துச் சொல்லும் மூன்று காட்சிகள் உண்டு. செக்கோஸ்லோவாகியாவுக்கு எதிராக நடுக்கோட்டுக்குப் பின்னாலிருந்தே கோலுக்கு அடித்தது. இங்கிலாந்துக்கு எதிராகத் தலையால் முட்டிய பந்தை கார்டன் பேங்க்ஸ் நம்ப முடியாதபடி தட்டிவிட்டது. உருகுவேக்கு எதிராகப் பந்தைத் தொடாமலே கோல்கீப்பர் மசுர்கேவிச்சை ஏமாற்றிச் சுற்றிவந்து அடித்தது. மூன்றுமே கோல் ஆகவில்லை. ஆகாத கோல்களையும் அழகு என்று பாதுகாத்து வைத்திருக்கிறோம். எனக்கும் அவை பிடிக்கும். உருகுவே ஆட்டத்தின் அந்த ஏமாற்றை என்னால் அலுக்காமல் பார்க்க முடியும்.

இதன் மறுபக்கம் மொவாசிர் பார்போசா. 1950 ஜூலை 16, ரியோவின் மரகானா. பிரேசிலுக்கு டிரா போதும், கோப்பை கையில். உருகுவேயின் கிஜ்ஜியா வலப்பக்கமாக ஓடி வருகிறார். முதல் கோலின்போது அவர் அங்கிருந்துதான் பந்தை நடுவே அனுப்பினார். இம்முறையும் அப்படித்தான் அனுப்புவார் என்று கோல்கீப்பர் பார்போசா ஓர் அடி முன்னால் எடுத்துவைக்கிறார். கிஜ்ஜியா நேராக அருகிலிருந்த கம்பத்தை ஒட்டி அடித்துவிடுகிறார். சிந்தித்து எடுத்துவைத்த ஓர் அடி அது. அந்த ஓர் அடிக்காக, 2000ஆம் ஆண்டு இறக்கும்வரை 50 ஆண்டுகள் பார்போசா பழி சுமந்தார். அன்று கோல் போட வாய்ப்பிருந்தும் போடாதவர்களை யாரும் அப்படித் துரத்தவில்லை.

குளோடோவால்டோவுக்கும் அந்தக் கதி நேர்ந்திருக்கலாம். இறுதி ஆட்டத்தின் 37ஆவது நிமிடத்தில், தன் பாதிக்களத்தில், அவர் குதிகாலால் பந்தைப் பின்னால் தட்டினார். வேண்டாத அலங்காரம். இத்தாலியின் போனின்சேன்யா பந்தைக் கவ்விக்கொண்டு போய் கோல் போட்டார், 1-1. பிரேசில் தோற்றிருந்தால் குளோடோவால்டோ என்ற பெயருக்கு அந்தக் குதிகால் ஒன்றே பொருளாகியிருக்கும். நான்கு நாள் முன்பு அரையிறுதியில், உருகுவேக்கு எதிராக, இடைவேளைக்குச் சற்று முன் சமன் செய்த கோலைப் போட்டவர் அவர்தான் என்பது யாருக்கும் நினைவு வந்திருக்காது. அன்று ஜெர்சனைச் சுற்றிக் காவல் இறுகியதால் இருவரும் இடம் மாற்றிக்கொண்டார்கள். பெரியவர் பின்னால் நிற்க, இளையவர் முன்னே போய் முடித்தார்.

37ஆவது நிமிடத்தில் அவமானப்பட்டவர் 86ஆவது நிமிடத்தில் பந்தோடு நான்கு பேருக்கு நடுவே நடக்கிறார் என்பதை அறிந்து பார்க்கும்போது, அந்த ஓட்டத்தின் சுவையே மாறிவிடுகிறது. அதில் துணிச்சல் மட்டும் இல்லை. விட்ட இடத்திலேயே மீட்டெடுக்கும் பிடிவாதமும் இருக்கிறது.

நட்சத்திரங்கள் பழியே சுமக்காமல் தப்பிப்பவர்கள் என்று சொல்ல வரவில்லை. 1994 இறுதி ஆட்டத்தில் இத்தாலியின் மூன்று பேர் பெனால்டியைத் தவறவிட்டார்கள்: பரேசி, மசாரோ, ராபர்டோ பாஜியோ. தலை குனிந்து நின்ற பாஜியோவின் படம்தான் உலகம் முழுக்கப் போனது. அந்த அணியை இறுதிவரை கொண்டுவந்த கோல்கள் பெரும்பாலும் அவருடையவை. பேர் பெற்றவருக்குப் பழியும் பெரிதாகவே வரும். அங்கேயும் நாம் செய்தது அதே பிழை. ஓர் ஆட்டத்தை ஒரு முகத்துக்குள் அடக்கப் பார்த்தோம்.

துணை வேலையைத் தாழ்வாகப் பார்ப்பதற்கு நம் மொழியிலேயே ஒரு தடயம் இருக்கிறது. நாகஸ்வரக்காரர் ராகத்தில் எங்கெங்கோ போய்வரலாம்; ஒத்துக்காரர் மட்டும் ஒரே சுருதியை, மூச்சு அறாமல், கச்சேரி முடியும்வரை பிடித்து நிற்பார். அது விலகினால் ராகத்துக்கு வீடு இல்லை. அப்படிப்பட்ட வேலையின் பெயரைத்தான் நாம் ‘ஒத்து ஊதுகிறான்’ என்று ஏச்சாக்கி வைத்திருக்கிறோம். அப்படித் துணை நின்ற மாரியோ சகாலோவைப் பிரேசிலில் ‘குட்டி எறும்பு’ என்று அழைத்தார்கள். 1958லும் 1962லும் பெலே, கரிஞ்சா போன்றோர் மின்னிய அணியில், ஓர ஆட்டக்காரராக இருந்தும் ஓடி ஓடிப் பின்னால் வந்து நடுக்களத்தை அடைத்தவர் அவர். அந்த எறும்புதான் 1970இல் பயிற்சியாளர். தாக்கப் பிறந்த ஐந்து பேரை ஒரே அணியில் ஆட வைத்து, தேவைப்பட்டபோது ஒவ்வொருவரையும் எறும்பாகவும் ஆக்கினார். டொஸ்டாவ் பின்களம்வரை ஓடிவந்த அந்த ஓட்டத்தில் எனக்குச் சகாலோவின் கால்களும் தெரிகின்றன.

கடைசியாக ஒருவர். எவரால்டோ, அந்த அணியின் இடது பின்கள வீரர். இந்தக் கோலைப் பற்றிப் பேசுபவர்கள் அவர் பெயரைச் சொல்வதில்லை. வலது பின்கள வீரரான கார்லோஸ் ஆல்பர்டோ அவ்வளவு தூரம் முன்னே ஓடி வர முடிந்ததென்றால், இடது பின்கள வீரர் முன்னே போகாமல் காவல் இருந்தார் என்று பொருள். இருவரும் போய்விட்டால் வீடு திறந்து கிடக்கும். ஒருவர் போவதற்காக மற்றவர் தங்கினார். கோல் விழுந்து எல்லோரும் கார்லோஸ் ஆல்பர்டோவை நோக்கி ஓடும்போது, நான் அந்தக் காட்சிக்கு வெளியே இருக்கும் அகன்ற புல்வெளியை நினைத்துக்கொள்கிறேன். அங்கே ஒருவர் தன் இடத்தில் நிற்கிறார்.

1974இல் ஒரு கார் விபத்தில் எவரால்டோ இறந்துபோனார். போர்ட்டோ அலெக்ரே நகரில் அவர் ஆடிய கிரேமியோ கிளப் அவரை மறக்கவில்லை. அவரைச் சிறப்பிக்கும் ஒரு தங்க நட்சத்திரத்தைத் தன் கொடியில் பதித்து வைத்திருக்கிறது. கிளப் ஆடும் நாட்களில் அந்தக் கொடி இன்றும் பறக்கிறது.