இயந்திரம் மாணாக்கன் ஆகுமா?

சட்டத்தின் மொழி உவமையை வேண்டாத மொழி என்று பலர் கருதுவர். அஃது உண்மையன்று. முன்பு கண்டறியாத பொருளொன்று நீதிமன்றத்தின் வாயிலில் வந்து நிற்கும்போது, கண்டறிந்த பொருளொன்றோடு அதனை ஒப்பிட்டு நோக்காது தீர்ப்புக் கூறுதல் எந்த நீதிபதிக்கும் இயலாது. 1884ஆம் ஆண்டில் ஒளிப்படம் அவ்வாறு வந்து நின்றது. ஒஸ்கார் வைல்டின் படமொன்றைப் பற்றிய வழக்கில், ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் படம் பிடித்த சரோனி என்பவரை நூலாசிரியனோடு ஒப்பவைத்து நோக்கியது; அப்படத்தின் அமைப்பும் ஒளியும் அவருள்ளத்தில் எழுந்த கருத்தின் விளைவே எனக் கண்டு, அவருக்குப் பதிப்புரிமை உண்டு என்றது. ஒப்பு பொருந்திற்று, தீர்ப்பும் நிலைத்தது. இன்று வாயிலில் நிற்பது செயற்கை நுண்ணறிவு. அதற்குக் கூறப்பட்ட உவமை மாணாக்கன். இவ்வுவமை பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

உவமையைக் கூறியவர் கலிபோர்னியாவின் வட மாவட்ட நீதிமன்றத்தைச் சேர்ந்த நீதிபதி வில்லியம் அல்சப். அண்ட்ரியா பார்ட்ஸ் முதலிய எழுத்தாளர் மூவர் அந்திரோப்பிக் என்னும் கம்பனிமீது 2024இல் தொடுத்த வழக்கில், 2025 யூன் 23ஆந் திகதி அவர் தம் கட்டளையை வெளியிட்டார். கம்பனி தன் மொழி இயந்திரத்தைப் பயிற்றுதற்கு நூல்களை எவ்வாறு ஈட்டியது என்பது அவ்வழக்கில் வெளிப்பட்டது. இணையத்திலுள்ள களவு நூலகங்களிலிருந்து 70 இலட்சத்துக்கு மேற்பட்ட படிகள் இறக்கப்பட்டன. பின்னர் அச்சு நூல்கள் பெருந்தொகையாக விலைக்கு வாங்கப்பட்டு, கட்டு அறுக்கப்பட்டு, தாள் தாளாக மின்படி எடுக்கப்பட்டபின் தாள்கள் அழிக்கப்பட்டன. புத்தகத்திற் கால் பட்டாற் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நம்மவர்க்கு இச்செய்தி உறுத்தும். ஆயினும் விலை கொடுத்து வாங்கியவன் தன் பொருளை அறுத்தல் சட்டத்திற் குற்றமன்று. நீதிபதியும் அவ்வாறே கொண்டார். நூல்களைக் கொண்டு இயந்திரத்தைப் பயிற்றுதல் நியாயப் பயன்பாடே, விலைக்கு வாங்கியவற்றை மின்படியாக்கியதும் நியாயப் பயன்பாடே, களவுப் படிகளைச் சேர்த்து நூலகமாக வைத்ததற்கு மட்டும் அப்பாதுகாப்பு இல்லை என்பது அவர் முடிவு. முதற் பகுதிக்கு அவர் காட்டிய காரணத்தின் உயிர்நிலை உவமையே. எழுத்தாளனாக விரும்பும் வாசகன் முன்னோர் நூல்களைக் கற்று வேறொன்றைப் படைத்தல் போல இயந்திரமும் செய்கின்றது என்றார். பள்ளிப் பிள்ளைகளுக்கு நன்றாக எழுதக் கற்பித்தாற் போட்டி நூல்கள் பெருகும் என முறையிடுவதற்கும் இவ்வெழுத்தாளரின் முறையீட்டிற்கும் வேறுபாடு இல்லை என்றும் கூறினார்.

அமெரிக்க மாவட்ட நீதிமன்றம் ஒன்றின் கூற்று நமக்கு எதற்கு என்று வினவுவார்க்கு விடையொன்று உண்டு. நியாயப் பயன்பாடு என்னும் கொள்கை, வாசிங்ரனின் கடிதங்களைப் பற்றிய வழக்கொன்றில் 1841இல் நீதிபதி ஸ்ரோரி வகுத்த நெறியில் வேர்கொண்டு, 1976ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தின் 107ஆம் பிரிவாக உருப்பெற்றது. பயன்பாட்டின் நோக்கம், எடுத்தாளப்பட்ட ஆக்கத்தின் இயல்பு, எடுத்த அளவு, ஆக்கத்தின் சந்தைக்கு நேரும் விளைவு என்னும் நான்கினையும் நோக்குக என்பது அப்பிரிவு. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், அந்நான்கினையும் தன் 11ஆம் பிரிவில் ஏறக்குறைய அதே சொற்களால் ஏற்றுக்கொண்டது. ஆதலின் சான் பிரான்சிஸ்கோவிற் கூறப்பட்ட உவமை நாளை கொழும்பில் எடுத்துக்காட்டப்படுதற்கு இடமுண்டு. அதற்குமுன் அதனை உரைத்துப் பார்த்தல் நம் கடனாகும்.

உவமையை உரைத்துப் பார்த்தற்கு உரைகல் தமிழிலேயே இருக்கின்றது. வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் அடியாக உவமை தோன்றும் என்பது தொல்காப்பியனார் கருத்து. மெய்யும் உருவும் இங்கு வேண்டா. இயந்திரம் பிள்ளையின் வடிவும் நிறமும் உடையதென்று எவரும் கூறார். வினையையும் பயனையும் நோக்குவாம்.

மாணாக்கன் நூலைப் படிக்கின்றான். படித்தலைப் பதிப்புரிமைச் சட்டம் என்றும் தடுத்ததில்லை. இரவல் வாங்கிப் படித்தாலும், கடையில் நின்றபடியே படித்தாலும், படித்தவன் ஆசிரியனுக்கு எதுவும் கடன்பட்டவனல்லன். ஏனெனின் அவன் படிக்கும்போது புதிய படியொன்று தோன்றுவதில்லை. இயந்திரத்துக்கோ படியெடுத்தலின்றிப் படித்தல் இல்லை. நூல் முழுவதும் படியெடுக்கப்பட்டு, தூய்மை செய்யப்பட்டு, சிறுசிறு துணுக்குகளாக உடைக்கப்படும். ஒரு துணுக்கினை அடுத்து வருவது எது என்று இயந்திரம் கணிக்கும். கணிப்புப் பிழைப்பின், தன்னுள் இருக்கும் எண்களைச் சிறிது திருத்திக்கொள்ளும். இது எண்ணிறந்த முறை நிகழ்ந்தபின் எஞ்சுவன அவ்வெண்களே. படியெடுத்தல் நிகழ்ந்தது என்பதை நீதிபதி அல்சப் மறுத்தாரல்லர். அது மன்னிக்கத்தக்கது என்றே கூறினார். ஆயினும் மன்னித்தற்குக் காட்டிய உவமையிற் படியெடுத்தலே இல்லை. வழக்கின் வினாவாக நின்ற அத்தொழில், விடையாக வந்த உவமையுள் மறைந்துவிட்டது. உவமை வினையிலேயே பிழைத்தது எனலாம்.

பயனிற் பிழைத்தமையை எடுத்துக்காட்டியவர் அதே நீதிமன்றத்தின் மற்றொரு நீதிபதியாகிய வின்ஸ் சாப்ரியா. றிச்சேட் காட்ரி முதலிய 13 எழுத்தாளர் மெற்றா கம்பனிமீது தொடுத்த வழக்கில், இரண்டே நாள் கழித்து, யூன் 25ஆந் திகதி அவர் தீர்ப்பு வெளிவந்தது. பள்ளிப் பிள்ளையின் உவமையை அவர் பெயர் சுட்டியே மறுத்தார். நூல் கொண்டு பிள்ளைகளுக்கு எழுதக் கற்பித்தல் ஒன்று. தனியொருவன் மிகச் சிறிய உழைப்பில் எண்ணற்ற போட்டி நூல்களை உண்டாக்குதற்குரிய பண்டம் ஒன்றைச் செய்தல் முற்றிலும் வேறொன்று என்றார். நூறு பிள்ளைகளுக்குக் கற்பித்தால் அவர்களுள் எழுத்தாளராவோர் ஓரிருவரே. அவ்விருவரும் பல ஆண்டு உழைத்துச் சில நூல்களே எழுதுவர். அந்நூல்கள் அவர்களுக்கே உரியன. கற்பித்த ஆசிரியர்க்கும் பள்ளிக்கும் உரியனவல்ல. இயந்திரம் கற்றதன் பயன் இயந்திரத்துக்கு உரியதன்று. அதனை உடைய கம்பனிக்கே உரியது.

இதனாற் படியெடுத்தல் யாவும் தீது எனக் கொள்ளற்க. ஏடு பெயர்த்து எழுதினோர் இல்லையேற் சங்க நூல்கள் நமக்கு இல்லை. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தபோது, வேறு படியில்லாத ஏடுகளும் நூல்களும் முற்றாக அழிந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகத்தின் பணி எத்துணைப் பெரிதென்பது அவ்விழப்பை அறிந்தார்க்கு விளங்கும். கூகிள் கம்பனி கோடிக்கணக்கான நூல்களை மின்படியாக்கியதை 2015இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் நியாயப் பயன்பாடு என்று ஏற்றது, அத்தீர்ப்பு நேரியதே. அங்கு தேடுவோன் நூலின் சிறு பகுதியைக் கண்டு நூலை நாடிச் சென்றான். படி நூலுக்கு வழிகாட்டியாயிற்று. இங்கு படியின் நோக்கம் வாசகனை அந்நூலுக்கு ஆற்றுப்படுத்துதல் அன்று.

மாணாக்கன் என்னும் சொல்லையே எடுத்துக்கொண்டாலும், நம் இலக்கண நூலார் மாணாக்கரை ஒரு தன்மையராகக் கொண்டாரல்லர். பவணந்தியார் நன்னூலில் அன்னமும் பசுவும் போல்வாரைத் தலை மாணாக்கர் என்றும், மண்ணும் கிளியும் போல்வாரை இடை மாணாக்கர் என்றும், இல்லிக்குடம் முதலியன போல்வாரைக் கடை மாணாக்கர் என்றும் வகுத்தார். அன்னம் பாலையும் நீரையும் பிரித்தறியும். இயந்திரமோ மெய்யையும் பொய்யையும் ஒரே குரலிற் கூறும். உழவன் இட்ட உழைப்பின் அளவே விளைவு தரும் மண்ணின் இயல்பும், கற்பித்ததை மீளக் கூறும் கிளியின் இயல்பும் அதனிடத்துண்டு. எனவே அதனை மாணாக்கன் என்று கொள்வாரும் இடை மாணாக்கன் என்றே கொள்ளல் வேண்டும். இது நகைக்குக் கூறியதன்று. கிளியா மண்ணா என்பதே இன்று ஐரோப்பிய நீதிமன்றங்களைப் பிரித்து நிற்கும் வினா. 2025 நவம்பரில், ஒரு வார இடைவெளியில் இரு தீர்ப்புக்கள் வந்தன. கெற்றி இமேஜஸ் கம்பனியின் வழக்கில் இலண்டன் நீதிமன்றம், இயந்திரத்தினுள் இருக்கும் எண்கள் படங்களின் படிகளைத் தம்முட் கொண்டவையல்ல என்றது. ஜேர்மனியின் மியூனிக் நீதிமன்றம், ஓப்பின் ஏஐ கம்பனிமீது கேமா என்னும் இசையுரிமைச் சங்கம் தொடுத்த வழக்கில், ஒன்பது பாடல்களின் வரிகள் இயந்திரத்தில் மனனமாகப் பதிந்திருத்தலே படியெடுத்தலாகும் என்றது. அல்சப்பின் முன் இவ்வினா எழவில்லை. இயந்திரம் தம் வரிகளை மீளக் கூறிற்று என்று அவ்வழக்கின் எழுத்தாளர் முறையிடவில்லை. நீதிபதியின் பக்கத்தில் இது கூறப்பட வேண்டியது.

இனி, உவமையின் பெருங்குறையைக் கூறுவாம். ஸ்டீவன் தாலர் என்பார் தம் இயந்திரம் தானே தீட்டியது என ஓர் ஓவியத்துக்குப் பதிப்புரிமை வேண்டியபோது, மனிதனல்லாத ஒன்று ஆசிரியனாகாது என்று 2025 மார்ச்சில் வாசிங்ரன் மேன்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. அவரே இயந்திரத்தைக் கண்டுபிடிப்பாளராகக் காட்டிக் காப்புரிமை வேண்டியதை 2023 டிசம்பரில் ஐக்கிய இராச்சியத்தின் உயர் நீதிமன்றமும் மறுத்தது. இம்முடிவுகள் செம்மையானவை; நம் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் ஆசிரியன் என்பதற்கு ஆக்கத்தைப் படைத்த இயற்கை ஆள் என்றே பொருள் கூறும். ஆயின் இவற்றையும் அல்சப்பின் கட்டளையையும் அருகருகே வைத்து நோக்குக. எழுதியபின் உரிமை கேட்டு வருங்கால் இயந்திரம் வெறும் கருவி. பிறர் நூலை எடுத்துக்கொள்ள வருங்கால் அதுவே கல்வி விரும்பும் பிள்ளை. ஒரே பொருள் ஒரு வாயிலில் அஃறிணையாகவும் மறு வாயிலில் உயர்திணையாகவும் ஆதல் எந்த இலக்கணத்துக்கும் அடங்காது. உவமானம் பொருளினும் உயர்ந்ததாதல் வேண்டும் என்பது தொல்லாசிரியர் விதி. அவ்விதிப்படி இயந்திரம் உயர்த்தப்பட்டது. உயர்த்தப்பட்ட இயந்திரத்தின் பின்னே, படியெடுத்த மனிதரும் பயன் கொள்ளும் கம்பனியும் கண்ணுக்குத் தோன்றாது போயினர். இயந்திரம் படித்தது என்னாது, கம்பனி படியெடுத்துப் பண்டம் செய்தது என்று எழுதியிருப்பின், தீர்ப்பு மாறாது போயினும், அதற்குரிய காரணத்தை நீதிபதி வேறாகத் தேடியிருத்தல் வேண்டும்.

சாப்ரியாவின் தீர்ப்பு இவ்விடத்திற் சிறந்தது. எனினும் அதுவும் நமக்கு முழுதும் உதவாது. அனுமதியின்றிப் பயிற்றுதல் பல சூழ்நிலைகளிற் சட்டத்துக்கு முரணாகும் என்று கூறிவிட்டு, தம் முன் நின்ற எழுத்தாளர் சந்தை இழப்பினைச் சான்று காட்டி நிறுவவில்லை எனக் கம்பனியின் பக்கமே தீர்த்தார். அவர் கொள்கையின் அச்சாணி சந்தை. போட்டி நூல்கள் பெருகி மூல நூலின் விற்பனை நீர்த்துப்போதலே தீங்கு என்பார் அவர். நியூயோர்க்கில் இலட்சக்கணக்கில் விற்கும் கதையாசிரியர்க்கு இவ்வளவை பொருந்தும். சில நூறு படிகள் அச்சிட்டு, அவற்றுட் பாதியை நண்பர்க்குக் கொடுத்து, மீதியைக் கட்டிலின் கீழ் அடுக்கிவைக்கும் தமிழ்க் கவிஞனுக்குச் சந்தை ஏது? இல்லாத சந்தைக்கு இழப்பும் இல்லை என்று கணக்குத் தீர்ந்துவிடும். இயந்திரம் அவன் சொல்லாட்சியைக் கொண்டு தமிழ் பேசும். நான்காவது அளவையோ சுழி என்று காட்டும்.

சந்தையைக் காட்டிலும் நமக்கு ஏற்ற அளவை வேறுண்டு. நூலுக்குரிய சிறப்புப் பாயிரம் கூறவேண்டியவற்றுள் ஆக்கியோன் பெயரை அடுத்து வழியை வைத்தனர் நம் முன்னோர். இந்நூல் எந்நூலின் வழியே வந்தது என்பதே அது. முன்னோர் பொருளையும் சொல்லையும் எடுத்தாளுதலை அவர்கள் குற்றமாகக் கொண்டதில்லை. வழி கூறுதலை மட்டும் விட்டுக்கொடுத்ததில்லை. 2024இல் இயற்றப்பட்ட ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், பொதுநோக்கு மொழி இயந்திரங்களைச் செய்வோர், எவற்றைக் கொண்டு பயிற்றினர் என்பதன் சுருக்கத்தை வெளியிடல் வேண்டும் என விதித்தது. அவ்விதி 2025 ஓகஸ்ட் 2ஆந் திகதி முதல் நடைமுறைக்கு வந்தது. சுருக்கமே கேட்டனர், நூல்தோறும் பெயர் கேட்டாரல்லர். எனினும் கேட்ட திசை சரி.

நம் சட்டத்தில் அத்தகைய விதி இல்லாக் குறை எத்தகையது என்பதற்கு அல்சப்பின் வழக்கு முடிந்த முறையே சான்று. பயிற்றுதலுக்காக எழுத்தாளர் எதுவும் பெறவில்லை. களவுப் படிகளைப் பற்றிய பகுதி நிலுவையில் நின்றமையால், கம்பனி 150 கோடி டொலர் கொடுக்க 2025இல் இணங்கியது. ஏறக்குறைய ஐந்து இலட்சம் நூல்களுக்கு, நூலொன்றுக்குச் சுமார் 3,000 டொலர். 70 இலட்சம் படிகள் ஐந்து இலட்சம் நூல்களாகக் குறுகியதற்கு ஒரே நூலின் பல படிகள் இருந்தமை ஒரு காரணம். மற்றொரு காரணம் பதிவு. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் உரிய காலத்திற் பதியப்பட்ட நூல்களே பட்டியலில் இடம்பெற்றன. பதிவின்றியே உரிமை பிறக்கும் என்னும் பேர்ண் உடன்படிக்கையில் இலங்கை 1959இலேயே இணைந்தது. அதனால் நம் எழுத்தாளர் எவரும் எங்கும் பதியும் வழக்கம் கொண்டாரல்லர். இங்கு அச்சான தமிழ் நூலொன்று அக்களவு நூலகங்களில் இருந்திருப்பினும், பதியப்படாததாயின் அப்பட்டியலில் அதற்கு இடமில்லை. இருந்ததா என்று அறிதற்கும் அதன் ஆசிரியனுக்கு இலங்கைச் சட்டம் ஒரு வழியும் வகுக்கவில்லை. 11ஆம் பிரிவின்கீழ் அல்சப்பை எடுத்துக்காட்ட எழும் வழக்கறிஞர், அவருடைய உவமையோடு இப்பட்டியலையும் உடன்கொண்டு எழுதல் வேண்டும்.